கடைகள் கட்டும் முன் குழந்தைகளை எண்ணுங்கள்: எங்கள் நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

நகர்மன்றத் தலைவர், நகராட்சி ஆணையர், நகர்மன்ற உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

சென்ற மாதக் கூட்டத்தில், எங்கள் வார்டின் அங்கன்வாடி மையம் இருந்த ஆறு சென்ட் நிலத்தில் வணிக வளாகம் கட்டுவதென்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறீர்கள். அதன் நகலை வாங்கிப் படித்தேன். 'பயன்பாடின்றிக் காலியாக உள்ள நகராட்சி இடம்' என்று அந்த நிலம் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த இடம் தானாகக் காலியாகவில்லை. கூரையின் காரை பெயர்ந்து விழுகிறது என்று நகராட்சிப் பொறியாளர் அறிக்கை தந்ததன் பேரில், புதுக் கட்டடம் கட்டித் தருவதாகப் பெற்றோரிடம் வாய்மொழியாக உறுதி கூறிவிட்டு, நகராட்சியே இடித்துத் தரைமட்டமாக்கிய இடம் அது. இடித்ததைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலத்தில், பழுதான கூரையின் கீழ் பிள்ளைகளை உட்கார வைக்கச் சொல்லி எந்தப் பெற்றோரும் கேட்கமாட்டார்கள். இடித்த பிறகு நடந்ததும் நடக்காமல் போனதும்தான் இந்த மடலுக்குக் காரணம்.

அந்த மையத்தில் பல ஆண்டுகள் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்று என் மகளின் மகன் அதே மையத்தின் பதிவேட்டில் இருக்கிறான். பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறான், மையத்துக்குப் போவதில்லை.

இடித்தபோது 'தற்காலிகமாக' மையம் மாற்றப்பட்ட இடத்தை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. மாநில நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், அடுத்த வார்டில், ஒரு வாடகை வீட்டின் மாடியில் ஒற்றை அறை. அங்கன்வாடிகளை நடத்தும் துறை தரும் வாடகைக்கு நகரத்தில் கிடைப்பது அதுதான். படிக்கட்டுக்குக் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம்தான் உண்டு. சமையலும் விளையாட்டும் தூக்கமும் அதே அறைக்குள் நடக்க வேண்டியிருப்பதால், எரிவாயு அடுப்புக்கும் பாய்க்கும் நடுவே ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டு மறித்து வைத்திருக்கிறார்கள். கழிப்பறை கீழே வீட்டுக்காரர்களுடையது. மூன்று வயதுக் குழந்தை 'ஒன்றுக்கு' என்று சொன்னதும் உதவியாளர் அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்க, மேலே அடுப்பையும் மற்றப் பிள்ளைகளையும் ஒருவரே பார்த்துக்கொள்கிறார். குடிநீர் குடத்தில் மேலே போகிறது. எடை பார்க்க வரும் நிறைமாதக் கர்ப்பிணியை அந்தப் படியில் ஏறச் சொல்ல மனம் வராமல், பணியாளர் எடைக் கருவியைக் கீழே இறக்கி வாசலில் வைத்து எடை பார்க்கிறார். அங்கன்வாடிக் கட்டடம் குறைந்தது 600 சதுர அடி இருக்க வேண்டும், சமையலறையும் இருப்பு அறையும் தனியாக இருக்க வேண்டும், குழந்தைகளுக்கேற்ற கழிப்பறையும் விளையாட இடமும் வேண்டும் என்பது அரசின் சொந்த அளவுகோல். இந்த அறை அதில் எதற்கும் பொருந்தாது.

அதற்கு மேல் நெடுஞ்சாலை இருக்கிறது. காலை எட்டரை மணிக்கு நூல் லாரிகளும் கல்லூரிப் பேருந்துகளும் போகும் அந்தச் சாலையை, தறிக்குப் போகும் அவசரத்தில் இருக்கும் ஒரு தாய், ஒரு கையில் கைக்குழந்தையும் மறு கையில் மூன்று வயதுப் பிள்ளையுமாகக் கடக்க வேண்டும் என்பதுதான் இன்றைய ஏற்பாடு. பழைய கட்டடத்தில் நாற்பதை ஒட்டி இருந்த அன்றாட வருகை, இப்போது பதினைந்தைத் தாண்டுவது அரிது. வருகை குறைந்ததைக் காரணம் காட்டி இந்த மையத்தைப் பக்கத்து மையத்தோடு இணைத்துவிடலாமே என்று கூட்டத்தில் ஓர் உறுப்பினர் பேசியதாகக் கேள்விப்பட்டேன். வழியை மறித்துவிட்டு ஆள் வரவில்லை என்று சொல்வது நியாயமா என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும்.

வராத பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதை எங்கள் வார்டில் நடந்து பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலோர் விசைத்தறிப் பட்டறைக்குள்தான் இருக்கிறார்கள். நெசவுக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் பெண்கள், தறிக்குச் சற்றுத் தள்ளி உத்திரத்தில் சேலையால் தூளி கட்டி அதில் கைக்குழந்தையைப் போடுகிறார்கள். நடக்கத் தெரிந்ததைத் தறி பெல்ட்டின் பக்கம் போகாமல் இருக்க ஜன்னல் கம்பியோடு துண்டால் கட்டி வைப்பதையும் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்பவரின் பேச்சே காதில் விழாத இரைச்சலில், பேசக் கற்றுக்கொள்ள வேண்டிய வயது கழிகிறது. பஞ்சுத் தூசியின் இருமல் பிள்ளைகளிடம் ஆண்டு முழுவதும் நிற்பதில்லை. இன்னும் சில வீடுகளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள நான்காம், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா பள்ளிக்குப் போவதில்லை. அவளுடைய இடைநிற்றல் கல்வித் துறையின் கணக்கில் ஒரு நாள் வரும், அதற்குக் காரணம் ஆறு சென்ட் நிலம் என்று அந்தக் கணக்கில் இருக்காது. கட்டணம் கட்ட முடிந்த சில குடும்பங்கள் தனியார் மழலையர் பள்ளிகளுக்கு மாறியிருக்கின்றன. வாரக் கூலியில் அந்தக் கட்டணம் எதைக் குறைத்துக் கட்டப்படுகிறது என்பது வேறு கதை.

மதிய உணவும் வாரத்தில் மூன்று முட்டையும் இந்தப் பிள்ளைகளுக்குச் சலுகையாகத் தரப்படுபவை என்று எண்ணிவிடக் கூடாது. 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் உள்ளூர் அங்கன்வாடி வழியாக உணவு பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. 'உள்ளூர்' என்று சட்டம் சொல்வதை நெடுஞ்சாலைக்கு அப்பால் என்று யாரும் பொருள் கொள்ள முடியாது.

இதையெல்லாம் எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் தாய்மார்கள் எடுத்துச் சொன்னார்கள். நேரிலும் மனுவாகவும் நகராட்சி அலுவலகத்தில் சொன்னோம். கிடைத்த பதில் ஒன்றுதான்: 'அங்கன்வாடி எங்கள் துறை இல்லை, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் அலுவலகத்தில் கேளுங்கள்.' அங்கே போனால், 'நிலம் நகராட்சியுடையது, அவர்கள் இடம் ஒதுக்கினால் நாங்கள் கட்டட நிதி கேட்டு எழுதுகிறோம்' என்கிறார்கள். இரண்டு பதில்களும் தனித்தனியே பொய்யில்லை என்பதுதான் இதில் பெரிய சிக்கல்.

உங்கள் பதிலில் உண்மை எவ்வளவு என்பதைத் தெளிவாகப் பேசிவிடுவோம். பணியாளர் நியமனம், மதிப்பூதியம், சத்துமாவு, முட்டை, 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் எல்லாம் துறையின் பொறுப்பு. 2025 இல் மாநிலம் முழுவதும் 7,783 அங்கன்வாடிக் காலிப் பணியிடங்களை நிரப்ப அறிவிப்பு வந்ததும் அந்தத் துறையிலிருந்துதான். அரசமைப்புச் சட்டத்தின் பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கான 29 பொருள்களில் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு நேரடியாகவே இருக்கிறது, நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பொருள்களில் அந்தப் பெயர் இல்லை. கிராமத்துக் குழந்தைக்கு உள்ளாட்சியில் ஒரு முகவரி தந்த அரசமைப்புத் திருத்தங்கள் நகரத்துக் குழந்தைக்கு ஏன் தரவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். ஆனால் அதே பன்னிரண்டாம் அட்டவணையில் நகரத் திட்டமிடல், நிலப் பயன்பாட்டை முறைப்படுத்துதல், பொருளாதார சமூக வளர்ச்சிக்கான திட்டமிடல், நலிந்த பிரிவினரின் நலன் காத்தல், குடிசைப் பகுதி மேம்பாடு, கல்வியை வளர்த்தல் ஆகியவை இருக்கின்றன. குழந்தை வளர்ச்சி என்ற பெயர் இல்லை என்பதற்காக இவை எதிலும் குழந்தைக்கு இடமில்லை என்று வாதிட முடியாது. இடம், குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு, மையத்துக்குப் போகும் பாதை ஆகியவை உங்கள் கையில் இருப்பவை, துறை நினைத்தாலும் தர முடியாதவை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கடமை சட்டத்தால் உங்கள் மீது சுமத்தப்பட்டிருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு, தன் எல்லைக்குள் வசிக்கும் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் பதிவேட்டை ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பராமரிக்க வேண்டும் என்கிறது. பதினான்கு வயது வரை என்றால் ஆறு வயதுக்குட்பட்டவர்களும் அதில் அடக்கம். எங்கள் வார்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டதற்கு, அத்தகைய விவரம் நகராட்சியில் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. வார்டில் எத்தனை தெருவிளக்குக் கம்பங்கள், எத்தனை குடிநீர் இணைப்புகள் என்று கேட்டால் அன்றே சொல்லிவிடக்கூடிய அலுவலகம் அது. எத்தனை குழந்தைகளின் இடத்தை எடுக்கிறோம் என்று தெரியாமலேயே தீர்மானம் போட்டிருக்கிறீர்கள் என்பதே என் முதன்மையான குற்றச்சாட்டு.

எண்ணிப் பார்த்தால் என்ன தெரியவரும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. 400 முதல் 800 வரை மக்கள்தொகைக்கு ஓர் அங்கன்வாடி என்பது நகரத்துக்கும் கிராமத்துக்கும் பொதுவான நெறி. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாற்பது பேராவது இருந்து, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் அமைத்துத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று ஆணையிட்டது. குடிசைப் பகுதி மக்களையும் பெயர் சொல்லிச் சேர்த்த ஆணை அது. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2014 இல் வெளியிட்ட நகரத் திட்டமிடல் வழிகாட்டி நெறிகள் 2,500 பேருக்கு ஒரு மழலையர் பள்ளி, அதற்கு 0.08 எக்டேர் நிலம், அதாவது ஏறத்தாழ இருபது சென்ட், என்று அளவு சொல்கின்றன. நாங்கள் இருபது சென்ட் கேட்கவில்லை, எங்களிடம் இருந்த ஆறைத்தான் கேட்கிறோம். நகரின் முழுமைத் திட்ட வரைபடத்தில் லாரி நிறுத்தத்துக்கு இடம் இருக்கிறது, சந்தைக்கு இருக்கிறது, எரிமேடைக்கும் இருக்கிறது. பிறந்தது முதல் பள்ளியில் சேரும் வரை ஒரு குழந்தை இந்த நகரத்தில் எங்கே இருக்கும் என்ற கேள்வி அதை வரைந்த யாருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை.

எண்ணும்போது யாரை எண்ணுவது என்பதும் முக்கியம். எங்கள் வார்டின் லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் பல ஆண்டுகளாக வசிக்கின்றன. அவர்களுடைய பெயர் பெரும்பாலும் நம் வாக்காளர் பட்டியலிலும் இல்லை, குடும்ப அட்டையிலும் இல்லை. ஆகவே யாருடைய கணக்கிலும் அவர்களுடைய பிள்ளைகள் வருவதில்லை. நான் பணியில் இருந்தபோது அந்தப் பிள்ளைகள் மையத்துக்கு வந்த சில மாதங்களிலேயே நம் பிள்ளைகளோடு சேர்ந்து தமிழில் பாடத் தொடங்கிவிடுவார்கள். முதல் வகுப்பில் சேரும்போது மொழி அவர்களுக்குத் தடையாக இருந்ததில்லை. மையம் எட்டாத தொலைவுக்குப் போனதும் முதலில் நின்றவர்கள் அவர்கள்தான். இந்த நகரத்தின் தறிகள் அவர்களுடைய உழைப்பில் ஓடுகின்றன, தறிகளால் நகராட்சிக்கு வரி வருகிறது. அப்படியிருக்க, கணக்கெடுக்கும்போது 'வெளியூர்க்காரர்' என்று சொல்லி அந்த வீடுகளைத் தாண்டிப் போகக் கூடாது.

நிதி நெருக்கடி என்கிறீர்கள். நகராட்சியின் வருவாய் போதவில்லை என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் பேருந்து நிலைய வளாகத்தில் நகராட்சி ஏற்கெனவே கட்டிய கடைகளில் சில, ஏலம் எடுக்க ஆளில்லாமல் ஷட்டர் இறக்கியபடியே கிடக்கின்றன. சந்துக்குள் இருக்கும் ஆறு சென்டில் கட்டும் கடைகள் அவற்றைவிட நன்றாகப் போகும் என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தீர்கள்? 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது நாங்கள் முணுமுணுத்தபடியே கட்டினோம். அந்த வரியில் ஒரு பகுதி கல்வி நிதி என்று தனிக் கணக்கில் வைக்கப்படுகிறது. பள்ளி முன்பருவக் கல்விக்கான கட்டடத்துக்கு அதிலிருந்து செலவிட முடியாது என்றால், எந்த விதி தடுக்கிறது என்று எழுத்தில் காட்டுங்கள். முடியும் என்றால், ஏன் ஒருமுறைகூட அது பரிசீலிக்கப்படவில்லை என்று சொல்லுங்கள். நமக்கு நாமே திட்டத்தின் கீழ் பொதுமக்கள் பங்களிப்பைத் திரட்ட எங்கள் வார்டின் சில பட்டறை உரிமையாளர்கள் ஆயத்தமாக இருப்பதாக எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பட்டறைக்குள் தூளி தொங்குவது அவர்களுக்கும் அச்சமாகத்தான் இருக்கிறது.

தீர்மானத்துக்கு எதிர்ப்பு வந்தபின், கீழே கடைகளும் மாடியில் அங்கன்வாடியுமாகக் கட்டிவிடலாம் என்று ஒரு யோசனை சொல்லப்படுகிறது. நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன், ஆனாலும் அதை ஏற்க முடியாது. இன்றைய வாடகை மாடியில் படும் துன்பத்தை நிரந்தரக் கட்டடமாக்குவதே அது. இரண்டு முதல் ஆறு வயது வரையுள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைக்காரிகளையும் அன்றாடம் படியேற்றுவது, தீ விபத்து என்றால் ஒரே படிக்கட்டில் அத்தனை பேரையும் இறக்க வேண்டியிருப்பது, கடைகளின் சரக்கு வண்டிகள் வாசலில் நிற்பது, மண்ணில் விளையாட ஓரடி இடம்கூட இல்லாமல் போவது ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். தரைத்தளம் குழந்தைகளுக்கு வேண்டும். மேல்தளத்தில் நகராட்சி எதை அமைத்தாலும், தனி வாசலும் தனிப் படியும் இருக்கும் வரை எங்களுக்கு மறுப்பில்லை.

இடத்தைப் போலவே நேரமும் ஒரு பிரச்சினை. மாலை நான்கு மணிக்குள் மையம் பூட்டப்பட்டுவிடும், தறி வேலை இரவு எட்டு வரை போகும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017 ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் சொன்னது. எங்கள் வார்டின் பட்டறைகள் பத்துப் பேர், பதினைந்து பேர் வேலை செய்யும் இடங்கள், அந்த விதி அவற்றைத் தொடவே தொடாது. அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்துவதற்கு மத்திய அரசின் 'பால்னா' திட்டம் 2022 முதல் வழி செய்கிறது, ஆறு மாதக் குழந்தை முதல் சேர்க்கலாம், காப்பகத்துக்கென்று தனிப் பணியாளரும் உதவியாளரும் உண்டு, செலவை மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்கின்றன. கேட்கும் ஊருக்குத்தான் அது வரும், கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

அண்டை மாநிலமான கேரளத்தில் அங்கன்வாடிகள் உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. ஊராட்சியும் நகராட்சியும் தங்கள் ஆண்டுத் திட்டத்திலேயே கட்டடத்துக்கும் கூடுதல் உணவுக்கும் நிதி ஒதுக்குகின்றன. நம் மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன, சத்துணவில் நாட்டுக்கே முன்னோடி என்று பெருமை பேசுகிறோம். ஒரு நகராட்சி தன் குழந்தைகளை எண்ணி, அவர்களுக்கு இடம் ஒதுக்குவதற்கு, சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆகவே பின்வருவனவற்றைக் கேட்கிறோம். வணிக வளாகத் தீர்மானத்தை உடனே நிறுத்திவைத்து, அடுத்த கூட்டத்தில் அதை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்பு அதுவரை வெளிவரக் கூடாது. நிரந்தரக் கட்டடம் வரும் வரை, எங்கள் வார்டிலேயே உள்ள நகராட்சித் தொடக்கப் பள்ளியில் பழைய மேசைகள் போட்டுப் பூட்டி வைத்திருக்கும் தரைத்தள வகுப்பறையைத் துப்புரவு செய்து, குடிநீர், கழிப்பறை வசதியோடு வரும் மாத முதல் தேதிக்குள் மையத்துக்குத் தாருங்கள். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. அனைத்து வார்டுகளிலும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை, வெளிமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளையும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளையும் சேர்த்து, வீடு வீடாகக் கணக்கெடுத்து, வார்டு வாரியாக மூன்று மாதத்துக்குள் அலுவலகப் பலகையில் வெளியிடுங்கள். அந்தப் பணியை ஏற்கெனவே பல செயலிகளிலும் பதிவேடுகளிலும் எழுதிக் களைத்திருக்கும் அங்கன்வாடிப் பணியாளர்கள் தலையிலேயே கட்டாமல், நகராட்சி ஊழியர்களைக் கொண்டு செய்யுங்கள். பழைய ஆறு சென்ட் நிலத்தைத் தரைத்தள அங்கன்வாடிக்கென்று நிரந்தரமாக ஒதுக்கித் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலைக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு அனுப்புங்கள். எங்கள் வார்டு மையத்தைக் காப்பகத்துடன் கூடிய அங்கன்வாடியாக மாற்றக் கோரி மாவட்ட நிர்வாகத்துக்குப் பரிந்துரை செய்யுங்கள். வரும் வரவுசெலவுத் திட்டத்தில் அங்கன்வாடிக் கட்டடங்களின் பராமரிப்புக்கென்று தனித் தலைப்பில் தொகை ஒதுக்குங்கள். புதிய மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் தரும்போது, பொதுப் பயன்பாட்டுக்கு விடப்படும் இடத்தில் மழலையர் மையத்துக்கான தேவையை முதலில் பார்த்த பிறகே மற்றவற்றுக்குக் கொடுங்கள். பூங்கா இடத்தைத் தொடச் சொல்லவில்லை, அதுவும் இந்தப் பிள்ளைகளுக்கு உரியதுதான்.

பாதிக்கும் மேற்பட்ட இருக்கைகளில் பெண்கள் அமர்ந்திருக்கும் மன்றம் இது. எங்கள் மனுவில் கையொப்பமிட்ட தாய்மார்களில் இருவரையாவது அடுத்த கூட்டத்துக்கு அழைத்துப் பேச அனுமதியுங்கள். மேலே கேட்டவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்கு என்ன காரணம் என்பதை முப்பது நாள்களுக்குள் ஆணையரின் கையொப்பத்தோடு எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
வார்டுத் தாய்மார்கள் சார்பாக